தாயின் நாடியும் சிசுவின் துடிப்பும்

வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் காதால் கேட்க முடியும் என்ற செய்தி மருத்துவ ஏட்டில் ஏறியது 1818இல். ஜெனீவாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரான்சுவா மயோர், நிறைமாதக் கர்ப்பிணியின் வயிற்றில் நேராகக் காதை வைத்துக் கேட்டார். தாயின் நாடியோடு சேராத, அதைவிட வேகமான ஒரு துடிப்பு கேட்டது. குழந்தை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை இதைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று சில வரிகளில் ஒரு குறிப்பு வெளியானது. எழுதியவரும் அதைத் தொடரவில்லை, படித்தவர்களும் பொருட்படுத்தவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் இந்தத் துடிப்பைக் கேட்டதாகச் சொல்லி, சக மருத்துவர் ஒருவரின் கவிதையில் கேலிக்கு ஆளானதாகவும் ஒரு செய்தி உண்டு.

அதுவரை குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்குத் தாயின் சொல்லே முதல் சான்று. அசைவு தெரிகிறது என்று அவள் சொன்னால் உயிர் இருக்கிறது; இரண்டு நாளாக அசைவில்லை என்றால் கவலை. மருத்துவச்சியின் உள்ளங்கை வயிற்றின் மேல் உணர்வது இன்னொரு சான்று. பனிக்குடம் உடைந்தபின் நீரின் நிறமும் நாற்றமும் சிலவற்றைச் சொல்லும். தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி வந்துவிட்டால் அதைத் தொட்டு நாடி பார்க்கலாம். ஆனால் அந்த நிலையில் நாடி பார்த்தும் பெரும்பாலும் பயனில்லை.

பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் 1816இல், ஒரு பெண்ணின் மார்பில் காது வைக்கக் கூச்சப்பட்ட மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதில் ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை பலரும் அறிந்ததுதான். 1819இல் அவர் வெளியிட்ட பெருநூல் நெஞ்சு நோய்களைப் பற்றியது. கர்ப்பிணியின் வயிற்றிலும் அந்தக் குழலை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியது அவரோடு பழகிய கெர்கரடெக் என்ற மருத்துவருக்கு. அவர் தேடியதும் இதயத் துடிப்பை அல்ல. குழந்தை புரளும்போது பனிக்குட நீர் அலம்பும் ஓசை கேட்குமா என்று பார்க்கத்தான் குழலை வைத்தார். நீரோசைக்குப் பதில், சட்டைப்பைக் கடிகாரம் அடிப்பதுபோல் இரட்டை இரட்டையாக ஓர் ஒலி வந்தது. எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 143 முதல் 148 வரை. தாயின் நாடி அதைவிட மிகவும் மெதுவாக ஓடியதால், ஒலி யாருடையது என்பதில் ஐயம் எழவில்லை.

1821 டிசம்பர் 26 அன்று பாரிஸ் மருத்துவக் கழகத்தில் கெர்கரடெக் தம் கட்டுரையை வாசித்தார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. காற்று ஊதுவதுபோல் இன்னொரு ஒலியையும் அவர் கேட்டிருந்தார். அது தாயின் நாடியோடு ஒத்து வந்தது. நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது என்று அவர் நினைத்தது தவறு. கருப்பைக்குச் செல்லும் தமனிகளின் ஓசை அது என்பது பின்னால் தெளிவானது. இந்த ஒலிகளால் என்ன பயன் என்று அவர் ஒரு பட்டியலும் போட்டார். கர்ப்பத்தை உறுதிசெய்யலாம், இரட்டைக் குழந்தையைக் கண்டுபிடிக்கலாம், குழந்தை கிடக்கும் நிலையை அறியலாம். துடிப்பின் வேகமும் வலுவும் மாறுவதை வைத்துக் குழந்தையின் நலத்தையே மதிப்பிட முடியாதா என்றும் கேட்டு வைத்தார். முதல் மூன்றும் சில ஆண்டுகளிலேயே உண்மையாயின. நான்காவது கேள்வியில் மருத்துவம் இருநூறு ஆண்டுகளாக உழன்றுகொண்டிருக்கிறது.

புதிய முறைக்கு வரவேற்பைவிட எதிர்ப்பே முதலில் அதிகம் இருந்தது. பிரசவம் பார்த்துப் பழகிய மூத்தவர்கள் இதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். உயர்குடிப் பெண்ணின் வயிற்றில் காதையோ குழலையோ வைப்பது நாகரிகமல்ல என்றார்கள். இம்முறையை நிலைநிறுத்தியதில் டப்ளின் நகரின் ரொட்டண்டா மகப்பேறு மருத்துவமனைக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் தலைவராக இருந்த எவரி கென்னடி 1833இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கருப்பை இறுகும்போது துடிப்பு தாழ்வதையும், இறுக்கம் தளர்ந்தபின் அது மீள்வதையும் அவர் கவனித்திருந்தார். மீளத் தாமதமானால் ஆபத்து என்பதும் அவருக்குத் தெரிந்தது. குழந்தையின் தலையோ கொடியோ நசுங்குவதைத் துடிப்பிலிருந்தே ஊகிக்கலாம் என்றார். நூறாண்டுக்குப் பிறகு மின்கருவிகள் தாளில் வரைந்து காட்டியதன் சாரம் இவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இந்த அறிவின் உடனடிப் பயன் வேறு. குழந்தை வழியில் சிக்கிக்கொண்டால், அது இறந்துவிட்டது என்று முடிவுசெய்து தலையை உடைத்து வெளியே எடுத்துத் தாயைக் காப்பார்கள். சிசேரியன் அப்போது தாய்க்கு மரண தண்டனைக்குச் சமம். துடிப்பு கேட்டால் தலையை உடைக்கும் கருவியை எடுக்கத் தயங்கினார்கள், காத்திருந்தார்கள், இடுக்கியால் முயன்றார்கள். இந்த வகையில் ஸ்டெதாஸ்கோப் காப்பாற்றிய குழந்தைகளுக்குக் கணக்கில்லை.

துடிப்பை எண்ணக் கற்றவுடன் எல்லை வகுக்கும் ஆசை வந்தது. ஜெர்மானிய மருத்துவர் கிலியன் 1848இல், துடிப்பு 100க்குக் கீழே போனாலோ 180க்கு மேலே ஏறினாலோ ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்றார். 1893இல் இன்னொரு ஜெர்மானிய மருத்துவரான வின்கல் மேல்வரம்பை 160 ஆக்கி, ஒழுங்கற்ற துடிப்பு, குழந்தை மலம் கழித்துப் பனிக்குட நீர் கலங்குதல், அசைவில் பெரும் மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்தார். இவை அனுபவத்தில் எழுந்த விதிகள். ஆயிரக்கணக்கான பிரசவங்களை எண்ணி ஒப்பிட்டுப் பெற்றவை அல்ல. ஆயினும் பாடநூல்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நின்றன. இதே எண்ணும் ஆசையில், ஜெனாவைச் சேர்ந்த பிராங்கன்ஹாய்சர் 1859இல், வேகமாகத் துடித்தால் பெண், மெதுவாகத் துடித்தால் ஆண் என்று எழுதினார். அது தவறென்று பலமுறை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. இன்றும் ஸ்கேன் அறைக்கு வெளியே அமர்ந்து துடிப்பின் எண்ணை வைத்து ஆணா பெண்ணா என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு.

பாரிஸின் அடோல்ப் பினார்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குழல் இன்றும் மாறாமல் இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கும் மரக்குழல் அல்லது அலுமினியக் குழல். ஒரு முனை ஊமத்தம்பூ போல் விரிந்திருக்கும், மறுமுனை காது பொருந்தும் தட்டை வட்டு. பயன்படுத்துவதில் நுணுக்கம் உண்டு. முதலில் வயிற்றைக் கையால் தடவிக் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் துடிப்பு தோள்பட்டைப் பக்கம்தான் நன்றாகக் கேட்கும். விரிந்த முனையை அங்கே செங்குத்தாக வைத்து, காதை வட்டில் அழுத்தி, குழலைப் பிடித்திருக்கும் கையை எடுத்துவிட வேண்டும். விரல் உராயும் ஓசையே துடிப்பை மறைத்துவிடும். எடுத்த கை தாயின் மணிக்கட்டுக்குப் போக வேண்டும். காதில் கேட்பதும் விரலில் தட்டுப்படுவதும் ஒன்றாக இருந்தால் கேட்டது தாயின் துடிப்பு. இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்ததால், இறந்துபோன குழந்தை உயிரோடு இருப்பதாக எழுதப்பட்ட பிரசவச் சீட்டுகள் எல்லா நாட்டிலும் உண்டு. மின்கருவி வந்த பின்னும் இந்தப் பிழை ஒழியவில்லை.

குழந்தையின் துடிப்பைக் கேட்கப் பழகிய அதே நூற்றாண்டில், தாயின் இரத்த ஓட்டத்தைக் கவனிக்கும் வேலை தனி வழியில் நடந்தது. அதைத் தூண்டியது பேறுகால வலிப்பு. நேற்றுவரை நன்றாக இருந்த பெண்ணுக்குத் தலைவலி, கண் மங்கல், பிறகு திடீர் வலிப்பு, நினைவிழப்பு, மரணம். இது காக்கை வலிப்பின் ஒரு வகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் சிறுநீரக நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, முட்டை வெள்ளைபோல் திரிவதைப் பார்த்து நோயறிந்தார். அதே மருத்துவமனையின் ஜான் லீவர் 1843இல் பேறுகால வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரிலும் இந்தப் புரதம் இருப்பதைக் கண்டார். எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்ப்சனும் அதே ஆண்டில் அதைச் சொன்னார். சோதனைக் குழாயின் மேற்பாதியைச் சுடவைத்து, இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, வெண்மை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெகுகாலம் நடந்தது. பிறகுதான் நிறம் மாறும் பட்டைகள் வந்தன.

புரதம் விளைவு மட்டுமே, இரத்த அழுத்தம் அதற்கும் முன்னால் ஏறுகிறது என்ற பார்வையைத் தந்தவர் கைஸ் மருத்துவமனையின் இன்னொருவர், பிரெடெரிக் அக்பர் மகமது. பாட்னாவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போய், லண்டனில் இந்திய உணவகமும் பிரைட்டனில் நீராவிக் குளியலகமும் நடத்திய சேக் தீன் மகமதுவின் பேரன் இவர். நாடியின் அலையைப் புகையூட்டிய தாளில் கீறும் கருவியைத் திருத்தியமைத்து, 1870களில் நூற்றுக்கணக்கான நாடிகளைப் பதிவுசெய்தார். சிறுநீரில் புரதம் தோன்றுமுன்பே நாடி கடினமாவதைக் காட்டினார். கர்ப்பிணிகளுக்கும் இது நேரக்கூடும் என்றார். டைபாய்டு அவரை 1884இல், முப்பத்தைந்து வயதில் கொண்டுபோயிற்று. மறு ஆண்டே எடின்பரோவின் ஜான் வில்லியம் பாலன்டைன் வலிப்பு கண்ட பெண்களின் நாடிப் பதிவுகளை வெளியிட்டார்.

அழுத்தத்தை எண்ணாகச் சொல்லும் கருவி 1896இல் டூரினில் ரிவா-ரோச்சி செய்தது. மிதிவண்டிச் சக்கரத்தின் உள் டியூப், ஒரு ரப்பர் பந்து, பாதரசக் குழாய் போன்ற கைக்குக் கிடைத்த பொருட்களால் ஆன கருவி அது. மறு ஆண்டே பாரிஸில் வாக்கேயும் நோபெக்கூரும் வலிப்பு வந்த பெண்களுக்கு அழுத்தம் உயர்ந்திருப்பதை அளந்து காட்டினார்கள். இத்தாலிக்குப் போன அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901இல் கருவியை பால்டிமோருக்குக் கொண்டுவந்தார். அங்கே குக், பிரிக்ஸ் என்ற இருவர் 1903இல், கர்ப்பிணிகளுக்கு அழுத்தம் பார்த்து வந்தால் வலிப்பை முன்கூட்டியே உணரலாம் என்று எழுதினார்கள். ரிவா-ரோச்சியின் கருவியில் மேல் அழுத்தம் மட்டுமே தெரியும். கீழ் அழுத்தத்தையும் கேட்டறியும் வழியை ரஷ்யாவின் கொரோட்காவ் 1905இல் சொன்னபின், இன்று ஊரெல்லாம் ‘பிரஷர் பார்ப்பது’ என்று சொல்லும் முறை முழுமை பெற்றது.

ஆனால் நலமாக நடமாடும் கர்ப்பிணி மருத்துவரிடம் வந்தால்தானே அழுத்தம் பார்க்க முடியும்? வலி கண்டபின் மருத்துவச்சியைக் கூப்பிடுவதுதான் எங்கும் வழக்கம். கர்ப்ப காலத்திலேயே கவனிப்பு வேண்டும் என்று 1901இல் வாதாடியவர் அதே பாலன்டைன்தான். எடின்பரோ மகப்பேறு மருத்துவமனையில் இதற்காக ஒரு கட்டில் ஒதுக்கப்பட்டது. 1929இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் ஒரு கால அட்டவணை வெளியிட்டது. 16, 24, 28 வாரங்களில் ஒவ்வொரு முறை, பிறகு 36 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் வாரந்தோறும். இந்த இடைவெளிகளுக்கு அப்போது பெரிய ஆராய்ச்சி ஆதாரம் ஏதும் காட்டப்படவில்லை. இருந்தும் உலகின் பாதி நாடுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன, இந்தியாவும் அதன் சாயலில்தான் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் நான்கு முறை போதும் என்று சொல்லிப் பார்த்து, 2016இல் எட்டாக உயர்த்தியது. மருத்துவ வரலாற்றில் இந்த மலிவான அழுத்தமானிப் பட்டையும் கால அட்டவணையும் பெறவேண்டிய புகழைப் பெறவில்லை. தாய்மாரைக் காத்ததில் இவற்றுக்குரிய பங்கு எந்த மின்கருவிக்கும் இல்லை.

தமிழில் இந்த அறிவு வந்தது யாழ்ப்பாணம் வழியாக. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மான்செல் என்ற டப்ளின் பேராசிரியரின் பிரசவ நூலை 1857இல் தமிழாக்கி வெளியிட்டார். சென்னையில் 1844இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனை, பின்னாளில் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையாக வளர்ந்தது. அதை வழிநடத்திய ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் எம்.கே. கிருஷ்ண மேனனும் எழுதிய பிரசவ மருத்துவப் பாடநூல், பல தலைமுறை மருத்துவ மாணவர்களின் மேசையில் இருந்தது. நகரத்தின் மூலைமுடுக்கிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் வலிப்போடு கொண்டுவரப்பட்ட பெண்களை அந்த மருத்துவமனை ஏராளமாகப் பார்த்தது. குளோர்புரோமசின், புரோமெதசின், பெதிடின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து மேனன் வகுத்த சிகிச்சை முறை 1961இல் பிரிட்டிஷ் இதழில் வெளியாகி, இந்தியா முழுவதும் பரவியது. பின்னர் அந்த இடத்தை மக்னீசியம் சல்பேட் பிடித்தது. இந்தியாவும் பங்கெடுத்த 1995ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சோதனையில், 1,687 பெண்களுக்குச் சிகிச்சை அளித்ததில், மீண்டும் வலிப்பு வருவதை டயசெபாம், பெனிட்டாயின் இரண்டையும்விட அது நன்றாகத் தடுத்தது. 2002இல் 10,141 பெண்களிடம் நடந்த இன்னொரு சோதனை, வலிப்பு வருமுன்பே கொடுத்தால் அந்த ஆபத்து பாதிக்கும் கீழே குறைவதைக் காட்டியது.

இரத்த அழுத்தம் ஒரு பக்கம் இருக்க, தாயின் இதயமே பழுதாக இருந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பர்ன்லி என்ற ஆலை நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சியின் கண்முன்னே, இதய நோயுள்ள ஓர் இளம்பெண் பிரசவத்தின்போது இறந்தாள். இப்படி நேரும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியவில்லை; தெரிந்துகொள்ள அன்றைய நூல்களிலும் வழியில்லை. அந்தக் குற்ற உணர்வு அவரை இதய ஆராய்ச்சிக்குள் தள்ளியது. உள்ளூர்க் கடிகாரக்காரர் ஒருவரின் உதவியோடு, கழுத்து நாளத்தின் அலையையும் மணிக்கட்டு நாடியையும் ஒரே தாளில் பதியும் கருவியைச் செய்து, ஒரே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். இதய நோயும் கர்ப்பமும் பற்றிய அவரது நூல் 1921இல், முதுமையில் வெளிவந்தது. இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது என்பதாலேயே ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்தை மறுக்கக் கூடாது, அந்த இதயம் எவ்வளவு சுமை தாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவரது நிலை.

அந்தச் சுமை எவ்வளவு என்பது பிறகு அளக்கப்பட்டது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளித்தள்ளும் இரத்தம் 30 முதல் 50 சதவீதம் உயர்கிறது. நாடி 10 முதல் 20 துடிப்பு கூடுகிறது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய பெண்ணுக்கு இதுவே நுரையீரலில் நீர் கோக்கப் போதும். ஆபத்து மிகுந்த நேரம் பிரசவமும் அதற்கு அடுத்த மணிகளும்தான், ஏனென்றால் குழந்தை வெளியே வந்ததும் சுருங்கும் கருப்பை தன்னிடமுள்ள இரத்தத்தை ஒரேயடியாகத் திருப்பி அனுப்பும். குழந்தை பிறந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விடும் நேரம் அது. வறுமையோடும் நெருக்கமான குடியிருப்போடும் சேர்ந்தே வரும் இந்த வால்வு நோய், பணக்கார நாடுகளில் மறைந்தபின்னும் இந்தியாவில் இளம் தாய்மாரிடம் நீடித்தது. 1950களின் தொடக்கத்தில் கர்ப்ப காலத்திலேயே வால்வைத் திறக்கும் அறுவை சிகிச்சை வந்தது. ஜப்பானின் இனோவே 1980களில் உருவாக்கிய பலூன் முறை அதையும் எளிதாக்கியது.

குழந்தையின் துடிப்புக்குத் திரும்பினால், காதால் கேட்பதன் குறை அது விட்டுவிட்டுக் கேட்பது. அதன் பலவீனத்தை வெளிப்படுத்தியது அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. 24,863 பிரசவங்களில் செவிவழி பதிவான துடிப்புகளை அலசி 1968இல் வெளியான அதன் முடிவு, மிகக் கடுமையான நிலை தவிர, குழந்தை தவிக்கிறது என்று காட்டும் நம்பகமான அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை என்பதுதான். வின்கலின் விதிகள் எண்ணிப் பார்த்ததும் நிற்கவில்லை.

மாற்றுக்கான முயற்சி அதற்குள் தொடங்கியிருந்தது. 1906இலேயே ஜெர்மனியின் மேக்ஸ் கிரேமர் தாயின் உடலில் மின்முனைகளை வைத்து, அவளது இதய மின்னலைகளுக்கு நடுவே குழந்தையின் சிற்றலைகளைப் பதிந்திருந்தார். தாயின் அலை குழந்தையின் அலையை மூழ்கடித்ததால் அது பயன்பாட்டுக்கு வரவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஹான் 1958இல் அதைப் பிரித்தெடுத்துத் தொடர்ச்சியாகப் பதிந்து காட்டினார். பிறகு குழந்தையின் உச்சந்தலைத் தோலிலேயே மின்முனையைப் பொருத்தும் வழியையும் கண்டார். அதே ஆண்டுகளில் உருகுவே நாட்டு மான்டிவீடியோவில் கால்டேரோ-பார்சியாவின் குழு, கருப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி இறுக்கத்தின் அழுத்தத்தையும் துடிப்பையும் ஒன்றாக வரைந்தது. இறுக்கத்தோடு சேர்ந்து தாழும் துடிப்பு ஒருவகை, இறுக்கம் உச்சம் தாண்டியபின் தாழ்ந்து தாமதமாக மீள்வது இன்னொருவகை. இரண்டாவதுதான் ஆக்சிஜன் குறைவின் அறிகுறி. கென்னடியின் காது கேட்டது இப்போது கோடாக வந்தது. ஜெர்மனியின் கொன்ராட் ஹமாக்கர் துடிப்புக்குத் துடிப்பு உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் கவனித்தார். கோடு தட்டையாகிப் போவதுதான் மோசமான அறிகுறி என்றார். அவரது உதவியோடு ஹ்யூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1968இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிதான் இன்று சிடிஜி எனப்படும் கருவியின் முன்னோடி. வயிற்றில் இரண்டு பட்டைகள்; கட்டமிட்ட நீள்தாளில் மேலே துடிப்பு, கீழே இறுக்கம்; நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் தாள் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

பெர்லினின் எரிக் சாலிங் இன்னொரு வழியில் போனார். 1960களின் தொடக்கத்தில், பிரசவம் நடக்கும்போதே குழந்தையின் தலைத்தோலில் சிறு கீறலிட்டு ஒரு துளி இரத்தமெடுத்து அதன் அமிலத்தன்மையை அளந்தார். துடிப்பு சந்தேகத்தை எழுப்பட்டும், இரத்தம் அதைத் தீர்க்கட்டும் என்பது அவர் எண்ணம். நேரமும் பயிற்சியும் வேண்டிய வேலை என்பதால் அது பல இடங்களில் வேர்விடவில்லை. பெட்டியைப் பொருத்திவிட்டால் போதும் என்பது எளிதாக இருந்தது. அமெரிக்காவில் 1980இல் 45 சதவீதப் பிரசவங்களில் இருந்த கருவி 2002இல் 85 சதவீதத்தை எட்டியது.

இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒரு பழைய நம்பிக்கை காரணம். மூளை முடக்குவாதம் பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் வருகிறது என்று லண்டனின் எலும்பு மருத்துவர் வில்லியம் லிட்டில் 1861இல் சொல்லியிருந்தார். காரணம் கருவிலேயே இருந்து, கடினப் பிரசவம் அதன் விளைவாகக்கூட இருக்கலாமே என்று 1897இல் ஐயப்பட்டவர், அப்போது நரம்பு மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்டு. லிட்டிலைத்தான் உலகம் நம்பியது. மூச்சுத் திணறலை முன்கூட்டிக் கண்டால் முடக்குவாதமே ஒழியும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்குப் பொய்த்தது டப்ளினில். அங்குள்ள தேசிய மகப்பேறு மருத்துவமனையில் 12,964 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தொடர் மின்கண்காணிப்பும் மறுபிரிவுக்கு விட்டுவிட்டுக் காதால் கேட்பதும் என்று நடத்திய சோதனையின் முடிவு 1985இல் வந்தது. மின்கண்காணிப்பில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனே வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது. இறப்பில் வேறுபாடில்லை. நான்கு வயதில் பார்த்தபோது மூளை முடக்குவாதத்திலும் வேறுபாடில்லை. பிற்காலத்தில் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். கூடவே சிசேரியன் அதிகரித்ததையும் பதிந்தார்கள். 1986இலும் 1996இலும் அமெரிக்க ஆய்வாளர் கேரின் நெல்சன் வெளியிட்ட ஆய்வுகள் பிராய்டின் பக்கம் சாய்ந்தன. முடக்குவாதத்தில் பெரும்பகுதிக்குப் பிரசவ மூச்சுத் திணறல் காரணமல்ல. முடக்குவாதத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட கோட்டு வடிவங்களைக் காட்டிய குழந்தைகளில் 99.8 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் வரவில்லை. அமெரிக்காவில் 1970இல் நூற்றுக்கு ஐந்து அளவில் இருந்த சிசேரியன், 1980களின் இறுதியில் நூற்றுக்கு இருபத்தைந்தை நெருங்கியது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. கண்காணிப்புத் தாள் அவற்றில் ஒன்று. அந்தத் தாள் நீதிமன்றத்திலும் சாட்சியாக வந்து நின்றதால், பயன் குறைவு என்று தெரிந்தபின்னும் அதைக் கைவிட மருத்துவமனைகள் துணியவில்லை. இதய மின்னலையின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஸ்வீடன் முறை, அமெரிக்காவில் 11,108 பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2015இல் எந்தக் கூடுதல் பயனும் இல்லை என்று முடிந்தது.

மீயொலி இதைவிட நல்ல பலன் தந்தது. 1964இல் டாப்ளர் முறையால் குழந்தையின் துடிப்பைப் பிடித்தபின், பன்னிரண்டாம் வாரம் முதலே தாயும் அதைக் கேட்க முடிந்தது. பினார்டு குழலுக்கு ஐந்து மாதம் ஆக வேண்டும். 1977இல், மறுபடியும் டப்ளினில், பிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் தொப்புள்கொடித் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை அளந்தார்கள். நஞ்சுக்கொடி பழுதானால் இரு துடிப்புகளுக்கிடையே ஓட்டம் நின்றுபோகும், சில வேளை திரும்பியும் ஓடும். வளர்ச்சி குன்றிய குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என்று முடிவெடுக்க இது உதவியது. ஆபத்து மிகுந்த கர்ப்பங்களில் சிசு இறப்பைக் குறைத்ததாகச் சோதனைகளில் நிறுவப்பட்ட கண்காணிப்பு இது. 1980 முதல் லண்டனின் லின்ட்சே ஆலனும் பிறரும் சிசு இதயத்தின் நான்கு அறைகளையும் ஸ்கேனில் பார்த்துப் பிறவிக் குறைகளைக் கண்டறிந்தார்கள். துடிப்பு 50, 60 என்று நிலையாகத் தாழ்ந்திருக்கும் சில குழந்தைகளின் தாய்மாரிடம், இரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள் இருப்பது 1980களின் தொடக்கத்தில் தெரிந்தது. அவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. சிசுவின் இதயம் தாயின் நோயைக் காட்டிக்கொடுத்த அரிய இடம் அது. இந்தியாவில் ஸ்கேன் கருவி பெண்சிசுவைத் தேடி அழிக்கவும் பயன்பட்டதால், அதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரோக்கியமான பெண்ணுக்குப் பிரசவத்தில் தொடர் மின்கண்காணிப்பைப் பரிந்துரைக்கவில்லை. சேர்க்கும்போதே வழக்கமாகச் சிடிஜி எடுப்பதையும் பரிந்துரைக்கவில்லை. டாப்ளராலோ பினார்டு குழலாலோ, வலியின் முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், குழந்தை இறங்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடமாவது கேட்டால் போதும் என்கிறது. அப்படிக் கேட்க ஒவ்வொரு தாயின் அருகிலும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஆளைப் போட முடியாத பிரசவ அறைகளில்தான் இன்னும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.